டாஷ்போர்டுக்குள் கேட்ட கீச்சு

பழைய வண்டியின் டாஷ்போர்டில் சத்தம் கேட்டால் உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது. இதைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன்; யாரும் கேட்டதில்லை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று முதலில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். வண்டி நிற்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா. எஞ்சினோடு ஏறி இறங்குகிறதா, சக்கரத்தோடா. பலகையைக் கையால் அழுத்தினால் அடங்குகிறதா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன் நான். எதையும் வரிசையாகப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வரிசையாகப் பார்த்ததால் தூக்கம் கெட்டதும் ஒருமுறை நடந்தது. அது என் தங்கை வீட்டுக்காரரின் பிக்கப் வண்டி விஷயம்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். எண்பதுகளின் நடுவில் மில்லை விட்டுவிட்டு, ஏற்கெனவே இரண்டு கை மாறியிருந்த ஒரு டீசல் பிக்கப்பை வாங்கினார். விடிந்ததும் சுந்தரபாண்டியம் பக்கம் போய்ப் பால் டின்களை ஏற்றி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்கு இறக்குவார். ஷிப்டுக்கு மில் சங்கு ஊதிக் கூப்பிட ஆளில்லாத பிழைப்பு என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

மில்காரர்கள் வீட்டில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே உதட்டசைவிலிருந்தே பேச்சைப் பிடித்துக்கொள்வது அங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஊரில் பாதிப்பேர் அப்படி இருந்ததால் அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சத்தம் வந்தது. அதை முதலில் சொன்னவர் பால்கோவா கடை முதலாளி. பால் எடுக்கும் ஊர்களைப் பார்த்துவர அவ்வப்போது முன்சீட்டில் ஏறிக்கொள்வார்.

"ஏன்யா, உம்ம வண்டிக்குள்ள பெருச்சாளி குடும்பம் நடத்துதா? காதுல ஊசியை விட்டு ஆட்டுன மாதிரி இருக்கு. சீக்கிரம் சரி பண்ணும். இல்லைன்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுவேன்."

மச்சினர் உடனே ராஜபாளையத்து வைத்தியத்தைச் செய்தார். உலகத்தின் சகல குறைகளையும் மில்லின் கழிவுப் பஞ்சால் அடைத்துவிடலாம் என்று நம்பும் ஊர் அது. ஜன்னல் ஆடினால் பஞ்சு, தையல் மிஷின் அதிர்ந்தால் காலுக்கடியில் பஞ்சு. டாஷ்போர்டுக்குப் பின்னால் கை கொண்ட மட்டும் திணித்தார். தங்கையை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "போயிருச்சா?" என்றார். போய்விட்டது என்றாள் அவள். அடுத்தமுறை ஏறிய முதலாளி, முன்னைவிட மோசம் என்று சொல்லிவிட்டு நடுவழியில் இறங்கி பஸ்ஸில் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழைப்பு வந்தது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கிளம்பினோம். வேகம் கூடியதும் மீட்டருக்குப் பின்னாலிருந்து மெல்லிய, கூரான ஒரு கீச்சு எழுந்தது. மீட்டரின் முள் குளிர் ஜுரம் கண்டவன் போல நடுங்கியது. வண்டியை நியூட்ரலில் உருட்டச் சொன்னேன். எஞ்சின் அடங்கியும் கீச்சு அடங்கவில்லை. ஆக, எஞ்சின் குற்றவாளி அல்ல. பலகையை அழுத்திப் பார்த்தேன். மாற்றமில்லை. வண்டி மெதுவாகி, சத்தம் நின்றபின் அவர் பக்கம் திரும்பி, "கேக்குதா மாப்ள?" என்றேன்.

"கேக்கு, கேக்கு. நல்லா கேக்கு."

சத்தம்தான் நின்றுவிட்டதே என்று ஒரு கணம் தோன்றியது. மரியாதைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மீட்டரைக் கழற்றினோம். உள்ளேயிருந்து ஒரு தலையணை தைக்கும் அளவுக்குப் பஞ்சு வந்தது. கியர்பெட்டியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளை அந்தப் பஞ்சு நெருக்கி மடக்கியிருந்தது. கேபிளும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய்ந்து கிடந்தது. உருவி எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் தடவினேன். மேல்முனையில் மட்டும் தடவக் கூடாது. தடவினால் மீட்டருக்குள் ஏறிவிடும். கேபிளை நெருக்கமில்லாமல் வளைத்துப் பழையபடி பொருத்திவிட்டுக் கிளம்பினோம். கீச்சு இல்லை. வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே, வெற்றிக் களிப்பில், "இப்ப எப்படி மாப்ள?" என்றேன்.

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் நடு ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்து ஒதுங்கினார். மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முள்ளு ஆடலை. சத்தம் நின்னுருச்சா மச்சான்?"

வண்டி ஓட்டுகிறவர் என்னிடம் கேட்கிறார். நின்றுவிட்டது என்று சொன்னேன். என் முகத்தில் வேறு எதையோ படித்துவிட்டார் போலும். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"கீச்சுன்னு வாரது எதுவும் எனக்குக் கேக்கிறதில்ல மச்சான். டமடமன்னு வந்தா கேக்கும். மத்ததெல்லாம் கை சொல்லிரும், கால் சொல்லிரும். இது ரெண்டுலயும் வரலை."

"எம்புட்டு நாளா?"

"மில்லுல இருக்கும்போதே. அங்க எவனுக்குக் கேட்டுச்சு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "லைசென்ஸ் புதுப்பிக்கிற நாள் வருது. டாக்டர் சர்டிபிகேட்டுல காதையும் பாப்பாகளா? உங்களுக்குத் தெரியாதது இல்ல."

எனக்குத் தெரியாதது இல்லைதான். சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு மருத்துவர் எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், மறைத்தால் என்ன ஆகும், விபத்து நடந்தால் பொறுப்பு யார் தலையில் விழும், மில்லில் போன காதுக்கு நஷ்டஈடு கேட்க இனி ஏன் வழியில்லை, எல்லாம் சொன்னேன். அவருக்கு விளங்க வேண்டுமே என்று நேருக்கு நேர் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னேன். அவர் என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

வீட்டில் தங்கை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அம்புட்டையும் எதுக்குண்ணே சொன்ன? எனக்கு இது கல்யாணமான புதுசுலயே தெரியும். அவிய கண்ணாடியைப் பாத்துத்தான் ஓட்டுதாக. இதுவரைக்கும் ஒரு கோழியை அடிச்சதுண்டா?"

"புள்ளைக சைக்கிள்ல மணி அடிச்சிக்கிட்டு வருமே, ஏட்டி."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். வெகுநேரம் வடிதட்டை எடுக்கவே இல்லை.

இன்றைக்கு யாராவது அதே கேள்வியைக் கேட்டால், அதே பதிலைத்தான் சொல்வேன். அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனாலும் அன்று வேறு யாராவது, விதி தெரியாத ஒருவன், அந்த முன்சீட்டில் இருந்திருக்கலாமே என்று ஓய்வுபெற்ற இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டு கிரீஸோடு எல்லாம் முடிந்திருக்கும். முதலாளி மறுபடி வண்டியில் ஏறினார். சத்தம் போனதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. மச்சினர்தான் சில நாளிலேயே ஓட்ட மறுத்துவிட்டார். லைசென்ஸ் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் காவலுக்குச் சேர்ந்தார்.

வண்டியை வாங்க வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தபோது நானும் அங்கிருந்தேன்.

"வண்டி கல்லு மாதிரி இருக்கே, எதுக்குண்ணே குடுக்கீக?" என்று கேட்டார் அவர்.

"டாஷ்போர்டுக்குள்ள ஒரு சத்தம்யா. கீச்சு கீச்சுன்னு. என் காதுக்குச் சகிக்கலை," என்றார் மச்சினர்.

தங்கை வாசலில் நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விவசாயி ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"காது நல்லா இருந்தாத்தான் கேக்கும்."

விவசாயிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். என்னிடம் திரும்பினார். "அய்யா படிச்சவுக. நீங்க சொல்லுங்க. சத்தம் வருதா?"

அந்தக் கேபிளுக்குக் கிரீஸ் தடவியது என் கை. மச்சினர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரத்தான் செய்யுது," என்றேன்.

விவசாயி மறுபடி ஏறி, தெருமுனைவரை ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது தலையை ஆட்டினார். "ஆமாண்ணே, லேசா வருது. இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

மச்சினர் சாவியை அவர் கையில் கொடுத்தார்.