அறிவித்தலில் நான் எழுதாத மதம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பணிமனையில் ஞாயிறு அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவருடைய மகள் ஜெனிற்றா லவாலில் இருந்து அழைத்தாள். "அங்கிள், அம்மா காலமை போயிட்டா" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நோட்டீஸ் நீங்கள்தானே எழுதுறது? அந்த விக்கா விஷயம் ஒண்டும் போடாதேங்கோ, ப்ளீஸ். இவரின்ரை வீட்டாக்களும் வாசிப்பினம்" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். யோசிக்கவே இல்லை. மொன்றியலில் எங்கள் பங்கைச் சேர்ந்த யார் இறந்தாலும் மரண அறிவித்தல் எழுதுவது நெடுங்காலமாக என் வேலை. கணினியில் ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் உறவுமுறைகளையும் மாற்றினால் போதும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வசிப்பிடமாகவும் கொண்ட மேரி பிலோமினா அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அனுப்பிவிட்டு, ஞாயிறு அறிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அந்த வாக்கியத்தில் மன்னார் உண்மை, மொன்றியல் உண்மை. மற்றது பொய். தெரிந்தே எழுதினேன்.

அக்காவை அறிந்த உங்களில் பலர் அவரைப் பீடத்துணி மடிப்பவராகத்தான் நினைவு வைத்திருப்பீர்கள். பன்னிரண்டு வருடங்கள் எங்கள் கோவிலின் பீடத்துணிகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, இஸ்திரி போட்டு, சனிக்கிழமைகளில் கொண்டுவந்து விரித்தவர் அவர். ஒரு சுருக்கம் கண்ணில் படாது. பிறகு திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று உங்களில் யாரும் அவரைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். காரணம் நான்தான்.

அக்காவின் தம்பி அருளப்பு, போர் முடிந்த நாட்களில் காணாமல் போனவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. ஒருநாள் அக்கா அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் பணிமனைக்கு வந்தார். பூசைக் கருத்துகளை எழுதும் புத்தகம் என் மேசையில் இருந்தது. "ஆன்ம இளைப்பாற்றிக்கோ, சுகநலனுக்கோ அக்கா?" என்று கேட்டேன். முதலாவது இறந்தவர்களுக்கு, மற்றது உயிரோடு இருப்பவர்களுக்கு; எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். "எனக்குத் தெரியாது தம்பி. இரண்டுக்கும் நடுவில எழுதேலாதோ?" என்றார்.

"புத்தகத்தில இரண்டு நிரல்தான் அக்கா இருக்கு."

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு அவசரம். இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று நானே முடிவெடுத்து, அருளப்புவின் பெயரை ஆன்ம இளைப்பாற்றி நிரலில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பாதர் இறந்தவர்களின் பெயர்களோடு அதையும் வாசித்தார். பூசை முடிந்ததும் அக்கா பீடத்துணியை வழக்கம்போல நாலாக மடித்து வைத்தார். அலுமாரியைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார். "நீர் என்ரை தம்பியைச் சாக்காட்டிப் போட்டீர்" என்றார். சத்தம் போடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெயர் எழுதியதற்கு இவ்வளவா என்று அன்று மத்தியானமே நாலு பேரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடமளவில், அக்கா விக்காவில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் பராமரிப்பு வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த லூசி என்ற கியூபெக் பெண், தன் வீட்டுப் பின்வளவில் நடக்கும் கூட்டத்துக்கு அவரை அழைத்துப்போயிருக்கிறார். விக்கா என்பது இயற்கையை வணங்குகிறவர்களின் மதம். ஒரு தேவியும் ஒரு தேவனும் உண்டு, வருடத்தின் பருவங்களுக்கு ஏற்ப எட்டுத் திருநாள்கள் உண்டு, உப்பும் தண்ணீரும் மெழுகுதிரியும் வைத்து வட்டமாக நின்று செய்யும் சடங்குகள் உண்டு. எங்கள் சனத்துக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. சூனியம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

நான் படித்தவன் அல்லவா, சூனியம் என்று சொல்லவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்காவின் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டே நியாயம் பேசினேன். "இது போன நூற்றாண்டில இங்கிலாந்தில துவங்கினது அக்கா. வேதம் இல்லை, கோயில் இல்லை, ஆளாளுக்கு ஒரு முறை வைச்சிருக்கினம். இதை மதம் எண்டு சொல்லேலாது."

அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். "உம்மடை மதமும் ஒருநாள் புதிசாத்தானே இருந்திருக்கும். அப்ப சேர்ந்தவையை ஆரும் இப்பிடி மாடி ஏறிவந்து கேட்டவையோ?"

"அங்க வாறவையில அரைவாசிப் பேர் விளையாட்டுக்கு வாறவை."

"ஓம், அதிலயும் அரைவாசி கறுப்பு உடுப்புப் போடத்தான் வருகுதுகள். இஞ்ச மட்டும் என்ன, பூசை முடியத் தேத்தண்ணியும் ரோல்ஸும் இல்லையெண்டால் எத்தினை பேர் வருவினம் எண்டு பாருமன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய், அடுத்த கிழமை இன்னும் இரண்டு வாதங்களோடு திரும்பி வந்தேன். இப்படியே வருடக்கணக்கில் நடந்தது. ஒருமுறைகூட, அங்கே உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஒக்டோபர் கடைசி நாள் அவர்களுக்கு, இல்லாதவர்களை நினைக்கும் பெரிய திருநாள். அதற்கு அக்கா வேலையிடத்தில் விடுமுறை கேட்டார். மேற்பார்வையாளர் சிரித்திருக்கிறார். ஹலோவீனுக்கு வேடம் போட லீவா, இது உண்மையான மதம் என்று யாராவது குருவானவரிடம் கடிதம் வாங்கி வா என்றிருக்கிறார். அக்கா என்னிடம் வந்தார், தன் மதத்தை விளக்கிப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி. "அக்கா, கத்தோலிக்க மரித்தோர் நாள் எண்டு சொல்லுங்கோ. இரண்டு நாள்தான் வித்தியாசம். உடனே தருவினம்" என்று புத்திசாலித்தனமாகச் சொன்னேன்.

"பொய் சொல்லித்தான் கும்பிட வேணுமெண்டால் பிறகென்ன மதம்?" என்றார். அந்த நாள் முழுக்க முதியவர்களைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கடிதத்தை நான் எழுதவே இல்லை.

எங்கள் பெண்கள் அவர் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார்கள். ஜெனிற்றா பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருவதைக் குறைத்தாள். அக்காவைச் சூனியக்காரி என்று கோவில் வாசலில் வைத்துச் சொன்ன ஒரு அம்மாவே, ஒருநாள் பின்னேரம் முக்காடு போடாத குறையாக அக்காவின் கதவைத் தட்டினார். மகன் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோடு திரிகிறானாம், பிரித்துவைக்க ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். "ஆக்களைப் பிரிக்கிற வேலை எனக்குத் தெரியாது. அதுக்கு நேர்த்தி வைக்கிற இடம் உங்கடை கோயில்தான்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார் அக்கா. பெயரை என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா இதை வாசித்தால் அவருக்குத் தெரியும்.

பிறகொரு வருடம் அந்தத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தபோது, ஒரேயொரு முறை அக்காவோடு லொங்குய்க்குப் போனேன். பிழை பிடிக்கத்தான் போனேன். மெற்றோவில் மஞ்சள் பாதையில் ஆற்றைக் கடந்து, பஸ் எடுத்து, லூசியின் வீட்டுப் பின்வளவில் போய் நின்றோம். பிற்பகல் நாலு மணி, நல்ல குளிர். பத்துப் பன்னிரண்டு பேர். மடக்கு மேசையில் அப்பிள், பாண், உப்புக் கிண்ணம். கிண்டல் செய்ய நிறைய இருந்தது. ஒருவர் தலையில் மான்கொம்பு மாட்டியிருந்தார். பிறகு லூசி ஒரு தாளை எடுத்து, "எங்களோடு இல்லாதவர்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிப் பெயர்களை வாசித்தார். அருளப்பு என்ற பெயரும் வந்தது. உச்சரிப்பு கோணல்மாணலாக இருந்தது. அவர் இருக்கிறாரா இறந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மேசையில் அவருக்கென்று ஒரு தட்டு வைத்தார். நான் பல வருடங்களாகக் கேட்காத கேள்விக்குப் பதில் அந்த மேசையில் இருந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது மெற்றோவில் மான்கொம்பைப் பற்றித்தான் பேசினேன்.

இந்த வசந்தத்தில் வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். "நோட்டீஸ் நீர்தானே எழுதுவீர். நீர் என்னத்தை நம்புறீர் எண்டு நான் கேக்கேல்லை. நான் என்னத்தை நம்பினனான் எண்டு எழுதும். செத்தவீட்டில லூசியையும் ஒருக்கா பெயர் வாசிக்க விடும்." எழுதுகிறேன், வாசிக்க விடுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மிச்சத்தை நீங்கள் கண்டீர்கள். மரணச்சடங்கில் முழுப் பூசை நடந்தது. கடைசி வரிசையில் தனியாக நின்ற, மண்ணிறக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பெண்தான் லூசி. யார் என்று பாதர் கேட்டார். "வேலையிடத்துச் சிநேகிதி, பாதர்" என்றேன். தான் எப்போது வாசிக்கலாம் என்று லூசி என்னிடம் கேட்டார். ஜெனிற்றா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிகழ்ச்சி நிரல் நிறைந்துவிட்டது, நேரமில்லை என்று லூசியிடம் நல்ல பிரெஞ்சில் சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. கையில் வைத்திருந்த தாளை என்னிடம் தந்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள் ஜெனிற்றா. மேலே உள்ளதைத்தான் எழுதிக் கொடுத்தேன். "அங்கிள், நீங்களுமோ?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் நெடுகவும் ஒரே பேச்சுத்தான் பேசினாள். ஆளுக்கேற்றபடி பேசியவன் நான். அதனால் இந்தப் பக்கத்தை நானே பிரதி எடுத்து, இன்று நினைவுநாள் மண்டப வாசலில் நின்று உங்கள் கையில் தருகிறேன். இனிமேல் அறிவித்தல் எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்று பங்குச் சபைக்கும் சொல்லிவிட்டேன்.

விக்கா உண்மையான மதமா என்று வாதாட எனக்கு இன்றும் வாய் இருக்கிறது. அந்தத் தேவியையும் தேவனையும் நான் நம்பவில்லை. ஆனால் அக்கா அதற்காகச் சிநேகிதிகளை இழந்தார், பேரப்பிள்ளைகளை இழந்தார், ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் விடுமுறையை வேண்டாம் என்றார். நான் என் மதத்துக்காக ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிட்டதில்லை. எது உண்மையான மதம் என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தவன் நான்! நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வசிப்பிடமாகவும் கொண்ட மேரி பிலோமினா அவர்கள் விக்கா மதத்தவராக வாழ்ந்து, விக்கா மதத்தவராகவே காலமானார். முன்னைய அறிவித்தலில் இருந்தது என்னுடைய பொய்.

லூசி தந்த தாள் என்னிடம் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். லூசியின் நாக்குக்குச் சுகமாக இருக்கட்டும் என்று, தம்பியின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் துண்டு துண்டாகப் பிரித்து அக்காவே தன் கையால் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, புது மையில், "பிலோமினா" என்று லூசி எழுதியிருக்கிறார். போன கிழமை லூசியை அழைத்துப் பேசினேன். ஒக்டோபர் கடைசி நாள் அந்த இரண்டு பெயர்களையும் நீங்களே வந்து வாசியுங்கள், எனக்கு அந்த உச்சரிப்பு ஒருபோதும் வராது என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவிடமும் இப்படித்தான் சொன்னேன்.