மாவட்டம் வந்தால் காலி

அரியலூரை மாவட்டம் ஆக்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடன் வாங்கிக் கட்டிய என் மூன்று வீடுகளுக்கும் மாதத் தவணையை வாடகையிலிருந்தே கட்டி, மேலே இரண்டாயிரம் கையில் நிற்க வேண்டும் என்று இலக்கு வைத்தேன். புதிதாக வந்த ஆபீஸ்காரர்கள் இரட்டை வாடகை தரத் தயாராக இருந்தார்கள். ஐந்து வருடமாக ஒரு நாளும் தவறாமல் வாடகை தந்த இட்லிக்கடைச் செல்வியைக் காலி செய்யச் சொன்னேன்.

"புள்ளைக்குப் பரிச்ச முடியட்டும் சார்" என்றார்.

முடியாது என்றேன்.

அடுத்த வருடமே மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஆபீஸ்காரர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வீடும் பூட்டிக் கிடந்தன. அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தேன். வீடு காலியாகவும் கிடக்கும் என்று ஒரு மாதத்துக்குக்கூடக் கணக்கு வைக்காத என் மடத்தனத்தை யார் திட்டுவது?

வெட்கத்தை விட்டுச் செல்வியிடம் போய், பழைய வாடகைக்கே வரச் சொன்னேன். இட்லித் தட்டைத் துடைத்தபடியே கேட்டார்: "மறுபடி மாவட்டம் வந்துட்டா எங்கள எங்க சார் போகச் சொல்லுவீங்க?"

"சத்தியமா காலி பண்ணச் சொல்ல மாட்டேம்மா."

வந்தார்.

2007-இல் மாவட்டம் மறுபடி வந்தது. அந்த வாரம் குழாய் ரிப்பேர் பார்க்கத்தான் செல்வி இருந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாத்திரங்கள் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"ரெண்டு நாள்ல காலி பண்ணிடறோம் சார்."

"யாரும்மா காலி பண்ணச் சொன்னது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

கத்தியது செல்வியிடம். கோபம் யார்மேல் என்பது எனக்குத் தெரியும். அது இன்றுவரை ஆறவில்லை.