ஆதாம் ஒளித்து வைத்த பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் என் மகள் குனிந்து நின்று ஒரு பூவைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் செடிகளைப் பற்றி ஏதோ எழுதிவரச் சொன்னார்களாம். இப்போது படம் எடுத்தால் போனே பெயரைச் சொல்லிவிடுகிறது.

"தாத்தாப் பூ, மூக்குத்திப் பூ, வெட்டுக்காயப் பூண்டு. எவ்ளோ பேரும்மா இதுக்கு" என்றாள்.

இன்னொன்று இருக்கிறது, அது போனுக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது என்னவென்று கேட்பாள். எனக்கும் தெரியாது.

உங்களுக்கும் அந்தப் பூவைத் தெரியும். நீளக் காம்பின் நுனியில் ஒற்றையாக, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளை இதழுமாக எந்தச் சுவரோரத்திலும் நிற்கும். காம்பை மடக்கிச் சுண்டினால் தலை தெறித்து விழும். நானும் சின்ன வயதில் கணக்கில்லாமல் தாத்தாக்களின் தலையைச் சீவியவள்தான். மகள் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அதை வாங்கி நானும் முகர்ந்தேன். அவ்வளவுதான், பஸ் ஏறாமலே நான் பிறந்த வரதராஜன்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் முந்திரிக்காடு. நான் இரண்டாம் வகுப்பு, செலின் அக்கா ஒன்பதாவது. விழுந்து கிடக்கும் முந்திரிப்பழத்துக்காக ஓடி, வேர் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். அக்கா இந்த இலையைக் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிந்தாள். எரிச்சலில் நான் ஊரைக் கூட்ட ஆரம்பித்ததும், என் வாயை அடைக்க ஒரு கதை சொன்னாள்.

"ஆதாம் மரத்தடியில உக்காந்து எல்லாப் பூவுக்கும் பேரு வச்சாரு. ரேஷன் கடை மாதிரி கியூ. இந்தப் பூ மட்டும் லேட்டு. வர்ற வழியில ஒரு முயலுக்குக் காலுல வெட்டு. அதுக்கு எலையப் பிழிஞ்சு வுட்டுட்டு வந்துச்சு. அதுக்குள்ள பேரெல்லாம் தீந்துபோச்சு. 'வழியில வேற யாரப் பாத்த'ன்னாரு. 'ஒரு தாத்தாவ'ன்னுச்சு. 'சரி, இப்போதைக்குத் தாத்தாப் பூன்னு இரு'ன்னுட்டாரு."

மறைக்கல்வி வகுப்பில் நான் கொஞ்சம் கெட்டி. "ஆதாமுக்கு முன்னாடி ஏதுக்கா தாத்தா?" என்று கேட்டேன்.

"குறுக்க பேசுனா மீதிக் கதை கெடையாது."

மீதிக் கதை வேண்டுமே, வாயை மூடிக்கொண்டேன். பூ அழுததாம். மனசு கேட்காமல் ஆதாம், ஒளித்து வைத்திருந்த ஒரு பெயரை அதன் காதில் மட்டும் சொன்னாராம். அதுதான் நிஜப் பெயர், யாருக்கும் தெரியாது. "உனக்கு?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும். ஒருநாள் சொல்றேன்" என்றாள்.

அந்த வருஷம்தான் அக்கா பள்ளிக்கூடம் போகும்போது பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தாள். உதடு நீலம் பாரிக்கும். திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்து, தண்ணீர்க் குழாயடியில் அம்மா யாரிடமோ அழுதுகொண்டு சொன்னார்: "நெஞ்சுல ஓட்டையாங்க."

எங்கள் வீட்டில் ஓட்டை பெரிய விஷயமே இல்லை. சைக்கிள் டியூப் ஓட்டையை அப்பா ஒட்டுவார். வாளி ஓட்டையை அம்மா பிளாஸ்டிக்கை உருக்கி அடைப்பார். ரத்தம் வருகிற ஓட்டைக்கு என்ன மருந்து என்று எனக்குத்தான் தெரியுமே. மறுநாள் சாயங்காலம் பாவாடை நிறைய இலை பறித்து வந்து அக்காவின் கட்டிலருகே நின்றேன்.

"ஓட்டை எங்கக்கா?"

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கசக்கிய இலையைச் சட்டைக்கு மேலேயே வைத்து அழுத்தினேன்.

"எரியுதா?"

"லேசா."

"அப்ப மூடுது."

"ஆமா பாப்பா. கொஞ்சம் மூடிருச்சு போலருக்கு" என்றாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வைத்தியம்தான். இலைக்கறை போகாது என்று அம்மா கத்தும்போதெல்லாம், "நாந்தாம்மா கசக்குனேன்" என்று அக்கா பழியை ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இருதயம் எங்கே இருக்கிறது, இலை எதுவரைக்கும் போகும் என்று தெரியாதா?

ஆபரேஷனுக்குக் கிளம்பிய காலை, பஸ் நிறுத்தத்தில் அவள் கையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். காதருகே குனிந்தாள்.

"வூட்டுக்கு வந்ததும் அந்தப் பேரச் சொல்றேன். அதுவரைக்கும் வேற யாரையும் கேக்காத."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கையை விட்டேன்.

அவள் பஸ்ஸில் வரவில்லை, வேனில் கொண்டுவந்தார்கள். வாசலெல்லாம் கூட்டம். கூட்டம் விலகட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று கொஞ்ச நேரம் தள்ளியே நின்றிருந்தேன். அப்புறம் அம்மா என்னைத் தூக்கிப்போய்க் காட்டினார்.

கல்லறைத் திருநாளுக்குப் போகும்போது மற்றக் களைகளையெல்லாம் பிடுங்கும் அம்மா, அக்காவின் தலைமாட்டில் தானாக முளைத்த தாத்தாப் பூவை மட்டும் விட்டுவைப்பார். அம்மாவும் இப்போது அக்காவுக்குப் பக்கத்தில். போன வருஷம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சிமெண்ட் தளம் போட்டுவிட்டார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. முந்திரிக்காடு இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள்.

மகள் அன்று ராத்திரி போன் சொன்ன பெயர்களையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, "இது போதுமாம்மா?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

அக்காவிடம் அப்படி ஒரு பெயர் இருந்திருக்காது. அது இப்போது எனக்குத் தெரியும். திருச்சியிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள்.