கேம் ஆடுகிறவனுக்கு எதற்கு ஞாயிற்றுக்கிழமை?

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் தோளைத் தட்டினார்.

"ஞாயித்துக்கெழம ஓ.டி.க்கு வந்துடு. ரூம்ல குந்திகினு இதத்தானே நோண்டப்போற?"

"இல்ல சார், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவேன். பறவை பாக்க."

"பறவையா? பேர் இன்னா, ப்ரியாவா?"

பஸ்ஸே சிரித்தது. மூன்று வருடமாகப் பார்த்த பறவைகளை எழுதிய நோட்டு பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. நான் கான்ட்ராக்ட், மறுத்தால் வேலை போய்விடும். ஆறு நாளோடு ஏழாவதும் ஃபேக்டரி லைனுக்கே.

பக்கத்து சீட் குமார் எழுந்தான். "சார், ஞாயிறு எங்க அக்காவுக்கு நிச்சயம். வல்லக்கோட்டை கோயில்ல."

"போய்ட்டு வாடா."

இந்த வருடத்தில் அந்த அக்காவுக்கு இது மூன்றாவது நிச்சயம்.

எனக்கு அக்கா இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கு மட்டும் யாராவது ஒருவரை இரவல் தாருங்கள்.