முதல் அசைவு எந்தப் பக்கம்

கோம்பையைத் தாண்டிப் பொட்டிப்புரம் போகிற பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். தோட்டத்து வீட்டின் சமையலறைச் சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல் இருந்தது. அதற்குத் தன் தம்பிதான் காரணம் என்று அந்த வீட்டுக்கார அம்மா உறுதியாக நம்பினார். தோட்டத்துக்கு மேற்கே இருந்த கல்குவாரி தம்பியுடையது. இருவரும் பேச்சை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

நான் அங்கே போனது அவர்கள் சண்டைக்காக அல்ல. அந்த வட்டாரத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள் வருவதாகப் புகார்கள் எழுந்திருந்தன. பாத்திரம் குலுங்கும், ஜன்னல் தடதடக்கும், அதோடு அடங்கிவிடும். அந்த அலைகளைப் பதிவு செய்து, பூமிக்குள் என்ன நடந்தது என்று சொல்வது என் வேலை. மார்க்கையன்கோட்டையில் பிறந்தவள் என்பதால் அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். சுற்றிலும் சில இடங்களில் கருவிகளைப் புதைத்தேன். அவற்றில் ஒன்று அந்த அம்மாவின் மோட்டார் ரூமில் இருந்தது.

"நீயே பாத்துச் சொல்லு தாயி," என்றார் அவர். "அவன் வேட்டு வைக்கிறப்பெல்லாம் எஞ் சொவரு துடிக்குது. ஆபீஸ்ல இருந்து வந்தாக, பாத்தாக, எல்லாம் சட்டப்படிதான் நடக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

தம்பியும் எனக்கு உதவினார். வேட்டு வைக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிவிடுவார். "எங்க அக்காவுக்கு எம் மேல கோவம் மேடம். அதான் அவுக சொவரு ஆடுது," என்பார்.

வேட்டையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிய ஒரு வழி, முதல் அசைவைப் பார்ப்பது. வேட்டு பாறையை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். எந்தக் கருவியில் பார்த்தாலும் நிலம் முதலில் மேலே எழும்பும். பாறை பிளந்து நழுவினால் அப்படி இருக்காது. சில பக்கம் தள்ளும், சில பக்கம் இழுக்கும். எங்கே மேலே, எங்கே கீழே என்று குறித்துக்கொண்டே போனால் பாறை எப்படி நழுவியது என்பது தெரியவரும்.

முதலில் வந்த பதிவுகள் எதற்கும் பொருந்தவில்லை. குவாரிக்குப் பக்கத்தில் இருந்த மற்ற கருவிகளில் மேலே எழும்பிய அசைவு, தோட்டத்துக் கருவியில் மட்டும் கீழே இறங்கியது. சில நாட்கள் அந்தக் கோடுகளோடு மல்லுக்கட்டினேன். பிறகு தம்பி நேரம் சொன்ன வேட்டுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் தோட்டத்துக் கருவி கீழேயே காட்டியது. வேட்டு நிலத்தை இழுக்காது. அப்படியென்றால் கோளாறு கருவியில்தான். பழுது பார்த்து வந்த கேபிளில் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்யப் போன நாளில் நல்ல மழை. குவாரிப் பாதையில் என் கார் சகதியில் சிக்கிக்கொண்டது. தம்பி டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். வேறு கேபிளைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூம் வரைக்கும் கூடவே வந்தார். கேபிளை மாற்றி முடித்ததும் அந்த அம்மா வாசலில் நின்று, "நனையாத தாயி, உள்ள வா," என்று கூப்பிட்டார். தம்பியைக் கூப்பிடவில்லை. அவர் மோட்டார் ரூம் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

காப்பி டம்ளரைக் கையில் வாங்கியபோது கீழேயிருந்து ஏதோ ஒரு முட்டு முட்டியது. அலமாரியில் தட்டுகள் சரிந்தன. விரிசலிலிருந்து காரை உதிர்ந்தது. அது அடங்குவதற்குள் தம்பி மழையில் ஓடிவந்து சமையலறைக்குள் நின்றார்.

"அக்கா, ஒண்ணும் ஆகலயே?"

அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, இது உன் வேட்டா?"

"இல்லக்கா. மழையில எவன் வேட்டு வைப்பான்? காலையிலயே ஆளுகள அனுப்பிட்டேன்."

அந்த அம்மா துண்டை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். நான் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

எனக்குக் கிடைத்ததிலேயே தெளிவான பதிவு அதுதான். தோட்டத்தையும் சேர்த்து, குவாரியை ஒட்டியிருந்த கருவிகளில் நிலம் மேலே எழும்பியிருந்தது. தள்ளியிருந்தவற்றில் கீழே இறங்கியிருந்தது. பழைய பதிவுகளில் தோட்டத்துக் கோட்டைத் தலைகீழாக்கியதும் அவையும் இதையே காட்டின. இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, பாறையின் ஒரு பாகம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. அதுவும் அதிக ஆழத்தில் அல்ல, குவாரிப் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே.

சில நாள் கழித்து அதே சமையலறையில் இருவரிடமும் சொன்னேன். வேட்டு இல்லை என்றதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மீதியையும் சொன்னேன். பல வருடமாக வெட்டி எடுத்த கல்லின் பாரம் அந்தப் பாறையை அழுத்திப் பிடித்திருந்தது. பாரம் குறைந்ததால் பாறை ஏறியிருக்கலாம்.

"இவ்வளவு பெரிய மலைக்கு நான் எடுத்த கல்லெல்லாம் ஒரு கணக்கா மேடம்?"

"ஏற்கெனவே நழுவுற நிலையில இருந்திருக்கு. அதுக்குக் கொஞ்சம் போதும்."

"அப்ப தப்பு இவன் மேலயா, இல்லயா?" என்றார் அந்த அம்மா.

"இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது."

"இருக்கலாம்னா எப்படி தாயி சண்ட போடுறது?" என்று அவர் எரிச்சலோடு கேட்டார். தம்பி தலை குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது அது சிரிப்பில்லை.

என் அறிக்கைக்குப் பிறகு அந்தப் பள்ளத்தை மேலும் ஆழப்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தம்பி எதிர்ப்புச் சொல்லவில்லை. வீட்டின் கிழக்குப் பக்கம் தகரக் கூரை போட்டு அக்காவுக்கு ஒரு சமையலறை கட்டிக்கொடுத்தார். அடுப்பை எங்கே வைப்பது என்று இருவரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் அதிர்வுகள் குறைந்தன. தோண்டுவதை நிறுத்தியதாலா, தானாகவே அடங்கியதா என்று தம்பி ஒருநாள் போனில் கேட்டார். இரண்டுமே இருக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

மற்ற கருவிகளை எடுத்துவிட்டேன். மோட்டார் ரூமில் இருப்பது மட்டும் இன்னும் ஓடுகிறது. ஏதாவது குலுங்கினால் அந்த அம்மா போன் செய்வார், நான் பதிவைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் லாரியாக இருக்கும். சில நேரம் கருவிக்குப் பக்கத்தில் அவருடைய நாய் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்.