அப்பா செருப்புக்குக் காவல் நிற்காத வருடம்

எனக்குப் பதின்மூன்று வயதில் மார்பு வீங்கியது. முதலில் இடது பக்கம், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் சுள்ளென்று வலித்தது. பிறகு வலது பக்கமும் வந்தது. அரைப்பரீட்சைக்குள் சட்டைக்கு மேலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவனை ஜாமெட்ரி பாக்ஸால் மண்டையிலேயே போட்டேன். இரண்டு தையல். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

குரும்பலூரில் எங்கள் வீட்டோடு இருந்த அத்தை நோய்க்குக் காரணத்தை உடனே கண்டுபிடித்தார். “எல்லாம் இந்த பிராய்லர் கோழிதான். ஊசி போட்டுல்ல வளக்குறானுவ!” அன்றோடு எனக்குக் கோழி நின்றது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, நான் கத்தரிக்காய் தின்றேன். கத்தரிக்காய்க்கும் அது வற்றவில்லை. அம்மா தன் பங்குக்கு ஒரு சைஸ் சின்னதாக இரண்டு பனியன் வாங்கி வந்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடச் சொன்னார். மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். பங்குனி உத்திரத்தை என்ன செய்வது? பத்து வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, செட்டிகுளம் மலைமேல் இருக்கும் முருகனுக்கு மூன்று வருடம் பால்காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் எடுத்தாகிவிட்டது. மூன்றாவது இந்த வருடம்தான். காவடி எடுப்பவன் சட்டை போடக் கூடாது, மஞ்சள் வேட்டி மட்டும்தான். தள்ளிப்போட்டால் சாமி குத்தம். என் வகுப்பு மொத்தமும் திருவிழாவில்தான் நிற்கும். “துண்டப் போத்திக்கிட்டு எடுக்கட்டும்” என்றார் அத்தை.

 அப்பா அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டினார். மற்ற டிரைவர்கள் எல்லாம் வெயிலுக்கு வெற்று உடம்போடு கிடக்க, அவர் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். வயலில் போர்செட்டுத் தொட்டியில் குளிக்கும்போதுகூடச் சட்டையோடுதான் குளிப்பார். கேட்டால், “சட்டையும் தொவச்ச மாதிரி ஆச்சுல்ல” என்பார். அவருக்கு கௌரவம் ஜாஸ்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். மலைக்கு வந்தாலும் படியேற மாட்டார். காவடிக்காரன் வீட்டு ஆம்பளைகள் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடவே ஏறுவது எங்கள் வழக்கம். அவர் மட்டும், “செருப்ப யாரு பாக்குறது?” என்று அடிவாரத்திலேயே நின்றுகொள்வார்.

திருவிழாவுக்கு முந்தின மாதம், லீவு போட்டுவிட்டு அப்பாவே என்னையும் அம்மாவையும் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் தொட்டுப் பார்த்தார், கழுத்தையும் வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கோழி நிறுத்தியதையும் இரட்டைப் பனியனையும் அம்மா சொன்னார். காமாலை வந்த பிள்ளை என்றதும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுவாரம் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒண்ணுமில்லம்மா. ஆம்பளப் புள்ள ஒடம்புலயும் பொம்பள ஹார்மோன் கொஞ்சம் இருக்கும். வளர்ற வயசுல அது ஏறும், எறங்கும். நெறைய பசங்களுக்கு வர்றதுதான். ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல தானா வத்திடும். அமுக்காதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கோழி போடுங்க, பாவம்.”

எழுந்துவிட்டோம். கதவுப் பக்கம் நின்றிருந்த அப்பா திடீரென்று கேட்டார்: “பெரியாளாயும் போவலன்னா சார்?”

“போவலன்னா சின்னதா ஒரு ஆபரேஷன் இருக்குங்க. பண்ணிக்கலாம்.”

“எந்த வயசுலயும் பண்ணலாமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானாகப் போய்விடும் என்று டாக்டரே சொன்ன பிறகு, இந்த மனுஷன் ஏன் அபசகுனமாக வாய் வைக்கிறார்?

திருவிழா அன்று அடிவாரத்தில் அத்தை துண்டை நீட்டினார். வாங்கி, தேங்காய்ப் பையிலேயே திணித்தேன். “போத்த மாட்டேன். நோயே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எவன் சிரிக்கிறான்னு பாக்குறேன்.” சட்டையைக் கழற்றிக் காவடியைத் தோளில் வைத்தேன்.  தலை நிமிர்ந்துதான் இருந்தது.

முதல் படியிலேயே மூன்று பேர் நின்றார்கள். நடுவில் இருந்தவன் என்னிடம் தையல் வாங்கியவன். “டேய், அக்கா காவடி எடுக்குதுடா!”

“ஆமாண்டா, எடுக்குறேன். என்னாங்குற இப்ப?” என்று நான் கத்திய கத்தலில் மேளக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். கூட்டம் திரும்பியது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று மார்பை இன்னும் நிமிர்த்தினேன்.

ஆனால் கூட்டம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தது. அப்பா செருப்புகளை அத்தை பக்கம் தள்ளிவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டையை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். அவருடைய மார்பும் என்னுடையதைப் போலத்தான் இருந்தது, என்னுடையதைவிடப் பெரிது. வயதானால் தொப்பை விழுவது மாதிரி இதுவும் விழும்போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் யாரையும் பார்க்காமல் எனக்கு முன்னால் போய், அந்த மூவருக்கு நேராக ஒரு நிமிடம் நின்றார். அவர்கள் விலகி வழிவிட்டார்கள். பிறகு முதல் படியில் கால் வைத்தார். உச்சிவரைக்கும் கூட்டத்தின் கண் அவர்மேலேயே இருந்தது. என்னை ஒரு நாயும் சீந்தவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதமாக ராவும் பகலும் திரட்டி வைத்திருந்த தைரியம் மொத்தமும் வீண். பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன். “ஏம்ப்பா, இன்னிக்குன்னு பாத்து நீ எதுக்கு சட்டையக் கழட்டுன?”

“வெக்கையா இருந்துச்சுடா” என்றார். பங்குனி வெயில்தானே, நம்பினேன்.

டாக்டர் சொன்னபடியே பத்தாவது முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் வற்றிவிட்டது. அப்பா ஆபரேஷனைப் பற்றி அப்புறம் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்று மலையிலிருந்து வந்த பிறகு இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, பழையபடி கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு லாரிக்குக் கிளம்பியவர், வாசலில் நின்று, “போயிட்டு வரேன்டா” என்றார். என் திருவிழாவைக் கெடுத்த மனுஷன் என்று, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.