பார்சலில் போன துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கியை ரயில் பார்சலில் மெட்ராஸுக்கு அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதப் படிக்கவும் தெரிந்து, கண்ணும் தெரிகிற ஆள் அப்போது வீட்டில் நான் ஒருத்திதான். மாமனாருக்குக் கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தது. என் கணவர் ஒரிசாவில் ஓர் இரும்பாலையில் வேலையாக இருந்தார். மாமியாருக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. நான் திருவள்ளூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மருமகளாக வந்தவள்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் போக வேண்டும். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று அப்போதுதான் நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். கல் நட்டது போக மீதியில் வேர்க்கடலை போட்டிருந்தோம். அதைப் பறித்துத் தின்னக் காட்டுப்பன்றி வரும். பன்றியை விரட்டத்தான் மாமனாருக்குத் துப்பாக்கியும் லைசென்ஸும். ஒற்றைக் குழல் துப்பாக்கி. நடு அறைச் சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் கிடக்கும்.

என் மகள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயதில் இருந்தாள். அந்த ஆணி அவளுக்கு எட்டப் பல வருஷங்கள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து வந்து பார்ப்பேன். பால் பொங்கிப்போகும். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். பொங்கிய அடுப்பைத் துடைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

கண் ஆபரேஷனுக்கு முன்பு ஒருநாள் மாமனார் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்துவார்களே, அந்தக் குதிரை நிற்கவில்லை. யாரும் தொடாமலே டக்கென்று முன்னால் விழுந்தது. உள்ளே தோட்டா இல்லை. குழந்தை சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். அன்றே நான் மெட்ராஸில் அவர் வாடிக்கையாகப் போகிற துப்பாக்கிக் கடைக்குக் கடிதம் எழுதினேன்.

பழுது பார்க்கலாம், அனுப்பிவையுங்கள் என்று பதில் வந்தது. மாமனாரால் பிரயாணம் செய்ய முடியாது. ரயிலின் கரித்தூசி கண்ணில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைக்குழந்தையையும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு நான் மெட்ராஸ் போவது நடக்கிற காரியமில்லை. தபாலில் அனுப்பலாமா என்று முதலில் ஊர்த் தபாலாபீஸில் கேட்டேன்.

"துப்பாக்கிக்கா ஸ்டாம்பு ஒட்டப்போற?" என்று போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தோட்டா, மருந்து எதுவும் தபால்ல கூடவே கூடாது. துப்பாக்கிய எங்கிட்ட குடுத்தா நம்ம தபால்காரரு அத சைக்கிள்ல கட்டிக்கினு போறத பாத்து ஊரே ஓடிடும். ரயில்காரங்கிட்ட குடும்மா."

ரயிலுக்கும் சில விதிகள் இருந்தன. கடைக்காரர்களே அவற்றைப் பதில் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மரப்பெட்டியில் வைத்து ஆணி அடிக்க வேண்டும். தோட்டா ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. லைசென்ஸின் நகல் வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியைக் கொண்டுபோவதானால், பழுது பார்க்கத்தான் போகிறது என்று லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். மாமனாரின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தேன். கோடு கொஞ்சம் ஏறி இறங்கி வந்தது. இதை ஒப்புக்கொள்வார்களா என்று அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுப்புகிற நாளன்று அவர் சொல்லச் சொல்லத் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, குழலுக்குள் பார்த்தேன். காலி. பழைய வேட்டியில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் படுக்க வைத்தேன். குழந்தை அழுதாள். உள்ளே போய் அவளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வண்டிக்காரர் மூடியில் ஆணி அடித்து முடித்திருந்தார்.

ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் நடுவயதுக்காரர். நீளமான பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இன்னாம்மா, வீணையா?"

"துப்பாக்கி சார்."

பெட்டி மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஏறி இறங்கிய கையெழுத்தைப் பார்த்து, "இன்னா, வண்டில குந்திக்கினு போட்டாரா?" என்றார். கண் கட்டைப் பற்றிச் சொன்னேன்.

"தோட்டா கீட்டா எதுனா உள்ள கீதா?"

"இல்லை சார். நானே பார்த்தேன்."

"அப்ப எழுதிக் குடு. உன் கையால எழுது."

தோட்டா எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கயிறு கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். சாயங்கால வண்டியில் போகும் என்றார். பெரிய பாரம் இறங்கியது போல வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் தட்டு வைத்துச் சோறு போட்டார்.

"நல்லபடியா குடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன் அத்தை."

"நல்லா போயி நல்லா வரட்டும். நா ஒண்ணும் வெறும் பொட்டியா அனுப்பல."

நான் சாதத்தில் வைத்த கையை எடுத்தேன்.

கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பளபளவென்று துடைத்ததற்குப் பாராட்டு வரும் என்று நினைத்தேன். மாமியார் என்னைத் திட்டவில்லை. தானே ஒரு பிடி சர்க்கரையை எடுத்துக்கொண்டு, வெறுங்கிண்ணம் போய்விட்டதே என்று சொல்லி அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் காலியாக வெளியே போனதில்லை.

"என்ன வச்சீங்க அத்தை?"

"ஒரு பிடி அரிசி. ஒரு மஞ்சத் துண்டு. எல்லாம் மஞ்சத் துணில முடிஞ்சி வைக்கோலுக்கு அடில வெச்சேன். அது திங்கறது தோட்டா தானே, அதுலயும் ஒண்ணு."

"குழலுக்குள்ள வைக்கலையே?"

"அது வவுத்துலயா வைப்பேன்? எனக்கு அவ்ளோ தெரியாதா? பக்கத்துல தான் வெச்சேன்."

கண்ணுக்குக் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உடும்மா," என்றார். "கடக்காரன் நமக்குத் தெரிஞ்சவன். பாத்தா எடுத்து வெச்சிடுவான். நீ போயி சொன்னன்னு வையி, லைசென்ஸே போயிடும். அப்புறம் பன்னிங்க கடலைய துன்னுட்டுப் போவட்டும்னு பாத்துக்கினு குந்திக்க வேண்டியது தான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுப் பெரியவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு மருமகள் பேசுவது வழக்கமும் இல்லை. ஆனால் குதிரை நிற்காத துப்பாக்கியும் ஒரு தோட்டாவும் ஒரே பெட்டியில் போகின்றன. அதைக் கடையில் யார் பிரிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்த முதலாளியாகவும் இருக்கலாம், நேற்று சேர்ந்தவராகவும் இருக்கலாம். இல்லை என்று எழுதிக் கொடுத்தது என் கை.

"எழுதிக் குடுத்தது நான் மாமா," என்றேன். "வண்டி இன்னும் வரலை."

குரல் வந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். "அப்ப போ. சட்டுனு போ."

மாமியார், "ஒரு தோட்டாவுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. குழந்தையை அவரிடம் விட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். மீதித் தோட்டாக்கள் இருந்த தகர டப்பா அலமாரியில் இருந்தது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்தான் ஆணி அடித்தவர். "நாந்தாம்மா மூடுனேன், நா பாக்கலயே," என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெட்டி பிளாட்பாரத்துத் தள்ளுவண்டியில் ஏறியிருந்தது. கிளார்க்கிடம் நான் மூச்சு விடாமல் சொன்னேன். மாமியார் என்று சொல்லாமல் வீட்டில் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா நீ! இல்லன்னு எழுதிக் குடுத்த மை காயல, இருக்குன்னு வந்து நிக்கற. நா ரிப்போர்ட் எழுதணும், தெரியுமா?"

குழந்தை அவருடைய மேஜை மணியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அவர் மணியைத் தள்ளி வைத்தார். சிக்னல் கம்பத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தன் விதிப்புத்தகத்தை எடுத்து, திறக்காமலே மறுபடி கீழே வைத்தார்.

"வண்டில ஏறியிருந்தா வேற பேச்சு," என்றார். "இன்னும் ஏறல. நீயே வந்து சொல்லிட்ட. பார்சல வாபஸ் வாங்கு. வாங்குனா அது உன் பொட்டி. உன் பொட்டிய நீ தொறக்கலாம். எம் முன்னால தொற."

அரக்கு உடைந்தது. வண்டிக்காரர் ஆணிகளைப் பிடுங்கினார். வைக்கோலுக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. கிளார்க் அதைத் தானே அவிழ்த்தார். சிவப்பு அட்டைத் தோட்டாவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. அவர் அரிசியையும் மஞ்சளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாமியாரா?"

"ஆமாம் சார்."

"எங்க ஊட்லயும் இப்டித்தான். டிபன் கேரியர வெறுசா கழுவி எடுத்துக்கினு வந்தா அன்னிக்கு சண்ட," என்றார். தோட்டாவை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு, அரிசியையும் மஞ்சளையும் மறுபடி முடிந்து வைக்கோலில் வைத்தார். "இதுக்குத் தடை இல்ல."

துப்பாக்கியை மடக்கிக் காட்டச் சொன்னார். குழல் வழியாகப் பார்த்தேன். பிளாட்பாரத்து வேப்பமரம் சின்ன வட்டமாகத் தெரிந்தது. அவரும் பார்த்தார். வைக்கோல் முழுவதையும் கையால் துழாவினார். நான் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே, என் முன்னிலையில் திறந்து பார்க்கப்பட்டது என்று அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் வண்டி வந்து போய்விட்டது. காலை வண்டியில் அனுப்புவதாகச் சொன்னார்.

"தோட்டாவ நேரா ஊட்டுக்கு எடுத்துக்கினு போ. உன் கடுதாசில துப்பாக்கி தான் எழுதிக்குது, இது எழுதல. வழில எங்கியும் நிக்காத."

முந்தானையில் முடிந்துகொண்டேன். வீடு வரும்வரை என் மகள் அந்த முடிச்சைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவளையும் மறு கையால் முடிச்சையும் பிடித்துக்கொண்டு வந்தேன். வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்து, "பாப்பா கையில குடுத்துடாதம்மா, மாடு மெரளும்," என்றார்.

வீட்டில் மாமனார் ஒரே கேள்விதான் கேட்டார். "லைசென்ஸ்?"

"ஒண்ணும் ஆகலை மாமா."

மாமியாரும் ஒரே கேள்விதான் கேட்டார். "அப்ப வெறும் பொட்டியா போச்சா?"

"அரிசியும் மஞ்சளும் போச்சு அத்தை."

"போதும் போ," என்றார்.

துப்பாக்கி திரும்பி வந்தபோது மாமனாருக்குக் கட்டு அவிழ்த்திருந்தது. புதுக் கண்ணாடி மட்டும் வரவில்லை. அவரே வண்டியில் போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். குதிரையை இழுத்துப் பார்த்தார். நின்றது. பல தடவை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் குழந்தையின் காதைப் பொத்தினேன். எதற்கென்று தெரியவில்லை.

பெட்டிக்குள் அரிசியும் மஞ்சளும் இல்லை. அவை இருந்த இடத்தில் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் இருந்தது. மாமியார் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தியா? அவனும் வெறுசா அனுப்பல."

பில் என் கையில் இருந்தது. எண்ணெய்க்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாததால் மாமனார் அதைப் படிக்கவில்லை. நான் மடித்து வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு தோன்றியது.

மாமியார் அந்தப் புட்டியைச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். நெருப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் வேண்டாமே என்று நான் அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். சாமி மாடத்திலிருந்து ஒன்றை எடுத்தது சரிதானா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.